இறங்கக் கூடாத தண்ணீர்

“ஊரெல்லாம் ஆறும் அருவியும் என்கிறீர்கள், பாதி இடத்தில் கால்கூட நனைக்கவில்லை என்கிறீர்கள், அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போனீர்கள்?” ஆஸ்திரேலியாவின் வட முனையைக் கேம்பர்வேனில் சுற்றிவிட்டு வந்த பிறகு, எங்கள் படங்களைப் பார்த்த ஏறக்குறைய எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கொழுந்தனார் தொலைபேசியில் கேட்டார். பிரிஸ்பேனில் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்டார். கேட்டவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. நார்தர்ன் டெரிட்டரி என்னும் அந்த வடக்குப் பிரதேசத்தைப் பற்றிய விளம்பரம் எதை எடுத்தாலும் ஓர் அருவி இருக்கும், அதன் கீழே பச்சைத் தண்ணீர் இருக்கும், அதில் ஒரு ஜோடி மிதந்துகொண்டிருக்கும். ஆனால் எனக்குள் அந்தக் கேள்வி அடங்கவே இல்லை. பதில் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் இருக்கும் என் பிறந்த ஊருக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து மறுபடி அந்த வடக்கின் ககாடு தேசியப் பூங்காவுக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்கு மாறியிருப்பார். அதனால் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

வேனுக்குள் இரண்டு பேர்

2023 செப்டம்பரில் நானும் கணவரும் பிரதேசத்தின் தலைநகரான டார்வினில் வேனை எடுத்தோம். சுற்றுலாக்காரர்களுக்கு அந்த வடக்கில் இரண்டே பருவங்கள், மழைக்காலமும் வறண்ட காலமும். ககாடுவின் பூர்வகுடிகளான பிநிஞ் மக்களுக்கு ஆறு பருவங்கள். கார், கூதிர் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த மொழியில் வளர்ந்தவளுக்கு அது கேட்டவுடன் பிடித்துப்போனது. நாங்கள் போனது அவர்கள் கணக்கில் குர்ருங், வறண்ட காலத்தின் வெக்கையான பின்பகுதி. புல் எரிந்து கிடக்கும், குட்டைகள் சுருங்கும், பறவைகள் மிச்சமிருக்கும் நீரைச் சுற்றிக் கூடும். பகலில் 36, 37 பாகை. இரவில் வேனின் தகரச் சுவர்கள் பகல் வாங்கிய சூட்டை நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும்.

சாப்பிடும் மேசையைத் தாழ்த்தினால் அதுவே படுக்கை. ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை, ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் முதல் வழக்கு மின்சாரத்தைப் பற்றியது. கேரவன் பூங்காக்களில் மின் இணைப்புள்ள இடம் எடுத்தால் ஏசி ஓடும், காசு கூடுதல், பக்கத்து வேன்காரரின் இருமல் கேட்கும். காட்டுக்குள் இருக்கும் முகாம்களில் மின்சாரம் கிடையாது, கூரையில் இருக்கும் சின்ன விசிறி மட்டும்தான். அவருக்கு நட்சத்திரம் வேண்டும், எனக்குத் தூக்கம் வேண்டும். ஓர் இரவு அது, ஓர் இரவு இது என்று உடன்பாட்டுக்கு வந்தோம். இன்னொரு விதியை எங்களுக்காக வாடகை ஒப்பந்தமே வகுத்துவிட்டது: ஊர்களுக்கு வெளியே இருட்டிய பின் வண்டி ஓட்டக் கூடாது, மண் சாலையில் இறங்கக் கூடாது. கங்காருவும் மாடும் இரவில்தான் சாலைக்கு வரும். எதிரே வருவது பல பெட்டிகளை இழுத்து வரும் 53 மீட்டர் நீள லாரியான ரோடு ட்ரெயினாக இருந்தால் அதுவும் நமக்காக நிற்காது. அதனால் நான்கு மணி ஆனதும் நாள் முடிவுக்கு வரும். அடுப்பைப் பற்றவைத்து, ரசத்துக்குப் புளி கரைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டுவதைப் பார்ப்பதுதான் வேலை. இந்தக் கட்டாய ஓய்வுதான் அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. பிரிஸ்பேனில் மாலை நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருந்ததே இல்லை.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். தாமிரபரணியில் பிடித்த பழக்கம், ஓடும் தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றாமல் அவரால் இருக்க முடியாது. குற்றாலம், பாபநாசம், பாணதீர்த்தம் என்று பேச ஆரம்பித்தால் குரலே மாறிவிடும். இந்தப் பயணத்தை அவர் கேட்டதும் அருவிகளுக்காகத்தான். எனக்கு ஆறு என்றால் வேறு. எங்கள் கொள்ளிடத்தில், குறிப்பாகப் பழைய கொள்ளிடத்தில், முதலை உண்டு. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்லிக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். திருமணமான புதிதில் இதை அவரிடம் சொன்னபோது பாதி நம்பினார், பாதி சிரித்தார்.

பலகைகள்

டார்வினில் முதல் மாலையே மிண்டில் கடற்கரைச் சந்தைக்குப் போனோம். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க மணலில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடலுக்குள் ஒரு தலையும் இல்லை. அவர் அதைத்தான் முதலில் கவனித்தார். அக்டோபர் முதல் மே வரை பெட்டிச் சொறிமீன் வரும் காலம். அதன் நீண்ட இழைகள் பட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இழை பட்ட இடத்தில் ஊற்றுவதற்காகக் கடற்கரை வாசல்களில் வினிகர் புட்டி வைத்திருக்கிறார்கள். சொறிமீன் குறைந்திருக்கும் மாதங்களிலும் முதலை இருக்கும். ஆற்று வாயிலிருந்து கடல் வழியாகவே அடுத்த ஆற்றுக்கு நீந்திப் போகும் விலங்கு அது. கடலோரம், ஆற்றோரம், படகுத்துறை, குட்டை என்று எங்கே நிறுத்தினாலும் அந்த மஞ்சள் பலகை நின்றது: வாயைத் திறந்த முதலையின் தலை, அதன் கீழே நீந்துபவனின் படத்தின் மேல் சிவப்புக் கோடு.

உவர்நீர் முதலைக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் ‘சால்ட்டி’. ஆண் 5 மீட்டரைத் தாண்டும், சில 6 மீட்டரையும் தொடும். பெயர் உவர்நீர் என்றாலும் நன்னீரில் நன்றாக வாழும், வெள்ளக் காலத்தில் கடலிலிருந்து வெகுதூரம் உள்நாட்டுக்கு ஏறி வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, கையில் துப்பாக்கியும் படகும் உள்ளவர்கள் தோலுக்காக இவற்றை ஆறு ஆறாகச் சுட்டுத் தீர்த்தார்கள். 1971-இல் நார்தர்ன் டெரிட்டரி தடை விதித்தபோது அங்கே மிஞ்சியிருந்தவை ஏறக்குறைய 3,000. இன்று 1,00,000-க்கு மேல். அந்தப் பிரதேசத்தின் மனிதத் தொகையே இரண்டரை லட்சம்தான். ஒரு பெரிய வேட்டை விலங்கை அழிவின் விளிம்பிலிருந்து இப்படி முழுமையாக மீட்டெடுத்த கதை உலகில் அதிகமில்லை. அதை நான் மகிழ்ச்சியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த மீட்சிக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் பின்னால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்காவில் எங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. ஃப்ளாரன்ஸ் அருவிக்கு இறங்கும் நூற்றுக்கு மேற்பட்ட படிகளில் அவர் என்னை விட்டுவிட்டு ஓடினார். இரண்டு தாரைகள் விழும் ஆழமான குளம், சுற்றிலும் மழைக்காட்டு நிழல், அடியில் கல் தெரியும் தெளிவு. பியூலி பாறைக் குளங்களில் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தோடும் தண்ணீரில் முதுகைக் கொடுத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தோம். இவை மட்டும் எப்படித் திறந்திருக்கின்றன என்று அங்கிருந்த ரேஞ்சரைக் கேட்டேன். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்ததும் இரவில் விளக்கடித்துக் கண்கள் மின்னுகின்றனவா என்று தேடுகிறார்கள், கூண்டு வைக்கிறார்கள், ஏதாவது ஏறி வந்திருந்தால் பிடித்து அகற்றுகிறார்கள், எல்லாம் முடிந்த பிறகே திறக்கிறார்கள். சில இடங்களில் நுரைமிதவைகளைக் கட்டி விடுவதும் உண்டு. முதலை இருந்தால் அதைக் கடித்துப் பார்க்கும், பல் தடம் பதியும். நாங்கள் அனுபவித்த அந்தப் பிற்பகலுக்குப் பின்னால் பலருடைய பல வார இரவு வேலை இருந்தது. கணவர் அன்று மாலை இதைப் பற்றித்தான் பேசினார். “ஓர் ஆற்றை மனிதன் இறங்கும்படி செய்வதற்கு இவ்வளவு பேர் சம்பளம் வாங்குகிறார்கள்” என்றார். சொல்லிவிட்டு, எங்கள் ஊரில் அதை யார் செய்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

கேஹில்ஸ் கிராசிங்

ககாடுவுக்குள் நுழைந்ததும் குளியல் நின்றுபோனது. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் பூங்கா அது. அதில் பெயர்பெற்ற குளிக்கும் இடங்களான ஜிம் ஜிம் அருவிக்கும் மகுக்கிற்கும் மண் பாதையில்தான் போக வேண்டும். எங்கள் வேனுக்கு அது தடை. சாலையோரத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீர்: அல்லி படர்ந்த குட்டைகள், காட்டு வாத்துகள், வெள்ளைக் கொக்குகள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, அந்தக் கரைகளில் 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம். மூன்றாவது நாளில் அவருடைய பொறுமை குறைந்ததை உணர்ந்தேன். ஒரு குட்டையோரம் நிறுத்தியபோது, “இதில் இருக்கும் என்று உறுதியாகத் தெரியுமா?” என்றார். “இல்லை என்று உறுதியாகத் தெரியுமா?” என்றேன். வேனில் திரும்பிப் போகும்போது இருவரும் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியில் மிச்சமிருந்ததில் ஒரு குவளை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

அன்று மாலை கேஹில்ஸ் கிராசிங்குக்குப் போனோம். கிழக்கு அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே போடப்பட்ட தாழ்வான கான்கிரீட் சாலை அது. அக்கரை ஆர்ன்ஹெம் நிலம், பூர்வகுடிகளுடைய நிலம், அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது. அங்கிருந்து கடல் வெகுதூரம், ஆனாலும் கடலின் ஏற்றவற்றமான ஓதம் அதுவரை ஏறி வரும். ஓதம் ஏறும்போது மடவை மீன்கள் கூட்டமாகச் சாலையைத் தாண்டி மேலேறும். அதற்காக முதலைகள் வரிசையாகக் காத்திருக்கும். கரைக்கு மேல் பார்வை மேடை கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போனபோது தண்ணீர் கான்கிரீட்டைத் தொட்டுவிட்டிருந்தது. முதலில் ஒன்று தெரிந்தது, பிறகு நான்கு, கண் பழகிய பின் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் ஓட்டத்தை எதிர்த்து வாயைப் பக்கவாட்டில் திறந்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அசைவில்லாமல் நின்றது. மீன் வாய்க்குள் வந்ததும் ஒரு சத்தம், மரக்கதவை அறைந்து மூடும் சத்தம். மேடையில் நின்றவர்கள் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்தார்கள்.

அதே நேரம் கீழே கரையில் தூண்டிலோடு ஒருவர் நின்றிருந்தார், தண்ணீருக்கும் அவருக்கும் இரண்டடி இடைவெளி இருக்கும். மேலிருந்து யாரோ கத்தினார்கள், அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் தூண்டிலைத் தொடர்ந்தார். 2017-இல் இதே இடத்தில் நடந்து கடக்க முயன்ற ஒருவரை முதலை கொண்டுபோயிருக்கிறது. மேடையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், இவற்றை மறுபடி சுட ஆரம்பிக்க வேண்டும், சின்ன வயதில் தான் எல்லா ஆற்றிலும் குளித்ததாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். அவர் சின்ன வயதில் ஆறுகள் காலியாக இருந்தன.

நான் எதிர்பார்க்காதது என் மனநிலைதான். முதலையைப் பற்றி ஊரில் நான் கேட்டு வளர்ந்ததெல்லாம் பகை. எங்கள் தெருவில் ஓர் அத்தைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே சரியாக மடங்காது. படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது பிடித்தது, பக்கத்தில் இருந்தவர்கள் அவருடைய முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் ஆடு மாடு இழந்தவர்கள், காயம்பட்டவர்கள், உயிரை இழந்த வீடுகள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஊர் திரண்டு ‘முதலையைப் பிடி’ என்று கேட்கும், வனத்துறை வந்து பிடிக்கும், கொண்டுபோய் வக்காரமாரி ஏரியில் விடும். அவினாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதையைப் பாட்டி சொல்வார். கதை முடிந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்குப் பிறகு அந்தக் குளத்துக்கு யாராவது வேலி போட்டார்களா? பாட்டியிடம் பதில் இருக்காது.

அப்படி வளர்ந்தவள் அந்த மேடையில் நின்று இத்தனை முதலைகளை ஒன்றாகப் பார்த்தபோது பகை வரவில்லை. அவை செய்துகொண்டிருந்தது தம் வேலையை. ஓதத்தின் நேரம் தெரிந்து, மீனின் வழி தெரிந்து, அவரவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தன. அன்றிரவு உபிர் பக்கத்தில் இருக்கும் மெர்ல் முகாமில் தங்கினோம். கொசுக்கள் அப்பின, வலைக்கதவை மூடிவிட்டு விளக்கைப் போட்டு, பகலில் போவாலி வரவேற்பு மையத்தில் எடுத்த துண்டறிக்கையைப் படித்தேன். தண்ணீரிலிருந்து 50 மீட்டர் தள்ளி முகாம் போடுங்கள். மீன் கழிவைக் கரையில் போடாதீர்கள். பாத்திரத்தை ஆற்றோரம் கழுவாதீர்கள். அடுத்த வரி: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாதீர்கள், முதலை உங்கள் வழக்கத்தைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும்.

அந்த வரியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர்தான் கேட்டார்: “உங்கள் ஊரில் படித்துறை எத்தனை?” ஒன்று. காலை ஆறு மணிக்குப் பெண்கள், எட்டு மணிக்கு ஆண்கள், மதியம் துணி, மாலை மாடு. தலைமுறை தலைமுறையாக ஒரே இடம், ஒரே நேரம். அந்த அத்தை கவனக்குறைவானவர் என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த இரவில் அந்தப் பேச்சு எனக்கு எப்போதையும் விட அநியாயமாகப் பட்டது. அவருக்கு வேறு படித்துறை இல்லை, வீட்டில் குழாய் இல்லை, குளியலறை இல்லை. எங்கள் வேனில் ஒரு தொட்டித் தண்ணீர் இருந்தது, அது தீர்ந்தால் அடுத்த கேரவன் பூங்காவில் குழாய் இருந்தது, சோப்பு மணக்கும் குளியலறை இருந்தது, நீச்சல் குளம்கூட இருந்தது. அந்தப் பலகைகளுக்கு எங்களால் கீழ்ப்படிய முடிந்தது, ஏனென்றால் கீழ்ப்படியும் வசதி எங்களிடம் இருந்தது. ஊர் ‘முதலையைப் பிடி’ என்று கத்தியபோது உண்மையில் கேட்டது தண்ணீர்க் குழாயை. அப்படிக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் முதலையின் பெயரைச் சொல்லிக் கேட்டது. நான் இதை அவரிடம் சொல்லச் சொல்ல எனக்கே தெளிவானது. அதன் பிறகு பயணம் முடியும்வரை எந்தத் தண்ணீரைப் பார்த்தும் அவர் ‘உறுதியாகத் தெரியுமா’ என்று கேட்கவில்லை.

மூடியிருந்த கன்லோம்

தெற்கே பைன் கிரீக் நோக்கிப் போகும் வழியில் கன்லோமுக்குத் திரும்பும் சாலை மூடியிருந்தது. பாறை விளிம்பில் குளம், விளிம்புக்கு அப்பால் சமவெளி என்று ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட அருவிகளில் ஒன்று அது. அங்கே தடை முதலையால் வந்ததில்லை. பூங்கா நிர்வாகம் புனிதமான இடத்துக்கு அருகே முறையான அனுமதி பெறாமல் நடைபாதை போட்டது, நிலத்துக்கு உரிய ஜாவோயின் மக்கள் எதிர்த்தார்கள், 2019-இல் மூடப்பட்டது. வழக்கு ஆஸ்திரேலியாவின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் வரை போய், மத்தியப் பூங்கா நிர்வாகமும் பிரதேசத்தின் புனித இடச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2024-இல் தீர்ப்பானது. அந்தத் தெற்குப் பகுதி முழுவதையும் ஜாவோயின் மக்கள் ‘நோய் நிலம்’ என்கிறார்கள். பூலா என்னும் ஆதிச் சக்தி அங்கே மண்ணுக்குள் இருக்கிறது, தொந்தரவு செய்தால் உலகுக்கே கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. 1991-இல் அதே பகுதியில் கரோனேஷன் குன்றைச் சுரங்கத்துக்குத் தோண்ட அனுமதிக்க முடியாது என்று பிரதமர் ஹாக்கின் அரசு முடிவெடுத்ததும் அதனால்தான். நான் அந்தத் திருப்பத்தில் வேனை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றேன். மலை மீது மரம் வெட்டாத காவல் காடுகள், ஆட்கள் கால் வைக்காத சுனைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஓர் இடத்தில் இறங்கக் கூடாது என்று நிலத்துக்குரியவர்கள் சொன்னால் அதற்குமேல் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கேதரினைத் தாண்டி மட்டரங்காவுக்குப் போகும் நீண்ட சாலையில் பசுக்கூட்டங்களுக்காக அமைத்த தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தோம். துளைக்கிணற்றிலிருந்து சூரிய மின்சாரத்தில் ஏறும் தண்ணீர், வட்டமான பெரிய தொட்டி, அதைச் சுற்றி மாடுகளின் குளம்பு மிதித்த புழுதி. அவருக்கு இவற்றில் ஆர்வம் அதிகம், ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே ஓட்டினார். மட்டரங்காவில் எப்போதும் 34 பாகையில் இருக்கும் ஊற்றுக்குளத்தில், தாழை மரங்களும் பனைகளும் கவிந்த நிழலில், மேலே வௌவால்கள் கீச்சிட, இருவரும் விரல் சுருங்கும்வரை கிடந்தோம். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. நன்றாக இருந்தது, மிகவும் நன்றாக இருந்தது.

1,200

அடுத்த ஆண்டு, 2024 ஜூலையில், டார்வினுக்குத் தென்மேற்கே ஒரு பூர்வகுடிக் குடியிருப்பில், ஓடையில் குளித்துக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை முதலை கொண்டுபோனது. அதே ஆண்டு பிரதேச அரசு அறிவித்த திட்டத்தில், ஆண்டுக்கு 300 என்றிருந்த அகற்றும் வரம்பு 1,200 ஆனது. செய்தி வந்த அன்று கொழுந்தனார் மறுபடி அழைத்தார். “பார்த்தீர்களா, கடைசியில் சுடத்தான் போகிறார்கள், அடுத்த முறை குளிக்கலாம்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை, தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு லட்சத்தில் ஆயிரத்து இருநூறு போனால் எந்த ஆறும் குளிக்கத் தக்கதாக ஆகிவிடாது. ஓர் ஓடையில் ஆளைக் கொல்ல ஒரு முதலை போதும், காலியான இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். பிடித்தாயிற்று என்று கேட்டபின் மனிதர் காட்டும் அலட்சியம்தான் அதைவிடப் பெரிய ஆபத்து. ஊருக்குள் வந்துவிட்டதைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், முழங்கை மடங்காத அத்தையின் தெருவில் பிறந்தவள் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறுமியை நினைக்கும்போது எனக்கு எழும் கேள்வி, அந்த வெயிலில் அந்தப் பிள்ளைகள் குளிர்ந்துகொள்ள வேறு என்ன இருந்தது என்பதே. டார்வின் பிள்ளைகளுக்குக் கடலோரத்தில் வலையும் மதகும் போட்ட செயற்கை நீர்நிலை உண்டு, அலையை உண்டாக்கும் குளம் உண்டு, பொது நீச்சல் குளங்கள் உண்டு. தொலைதூரக் குடியிருப்புகள் பலவற்றில் ஓடைதான் உண்டு. முதலையின் மீட்சியைக் கொண்டாடும் எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள் மேடையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறோம். அதன் விலையைக் கொடுப்பவர்கள் ஓடையோரம் வாழ்கிறார்கள், அங்கேயும், கொள்ளிடத்திலும். இரு நாட்டிலும் அந்த விலையை அரசு ஏற்றுக்கொண்டால், முதலையை ஒருவரும் வெறுக்கத் தேவையிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வழி இல்லாமல் இல்லை. ஒடிசாவின் பிதர்கனிகாவில் இருப்பதும் இதே உவர்நீர் முதலைதான். அங்கே ஆற்றோர ஊர்களில் வனத்துறை படித்துறைகளைச் சுற்றித் தடுப்பு வேலி அமைத்திருக்கிறது. அதற்குள் நின்று குளிக்கலாம், துணி துவைக்கலாம். எங்கள் கொள்ளிடத்தில் இருப்பது சதுப்புநில முதலை, அதைவிடச் சிறியது, வேலி போடுவது இன்னும் எளிது.

போன முறை ஊருக்குப் போனபோது அவரும் நானும் இதை எழுதி, பிதர்கனிகா வேலியின் படத்தையும் சேர்த்து, ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் கொடுத்தோம். அந்த அத்தையும் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “நாங்கள் உள்ளே நின்றுகொள்வோம், சரி. மாடு எங்கே தண்ணீர் குடிக்கும்?” என்றார். கணவர் உடனே கைப்பேசியை எடுத்து, மட்டரங்கா சாலையில் எடுத்த தொட்டிகளின் படத்தைத் தேடிக் காட்டினார். துளைக்கிணறு போட எவ்வளவு ஆகும், மின் இணைப்பு யார் பெயரில் வாங்குவது, தொட்டியை மேட்டுத் தெருவில் வைப்பதா பள்ளத் தெருவில் வைப்பதா என்று பேச்சு இருட்டும்வரை நீண்டது. இடத்தைப் பற்றி இன்னும் ஒத்துப்போகவில்லை.